சாரத் தொழிலாளிக்கு ஸ்காண்டிநேவியா: உயர்ந்த கூலி, ஒடுங்கிய வாசல்

நார்வேயில் தொழிற்சான்று பெற்ற கட்டுமானத் தொழிலாளிக்கு மணிக்கு ஏறத்தாழ 250 குரோனருக்குக் குறைவாகக் கூலி கொடுத்தால் அது சட்டமீறல். இந்திய மதிப்பில் இரண்டாயிரம் ரூபாயைத் தாண்டும் தொகை அது. வளைகுடா வெயிலில் சாரம் கட்டும் பலருக்கு நாள் முழுக்க உழைத்தால் கிடைப்பது இங்கே ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கிறது. நார்வே, சுவீடன், டென்மார்க் என்ற பெயர்கள் ஏஜெண்டுகளின் விளம்பரத்தில் ஏறுவதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

ஆனால் கூலிக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். அங்கே சாரத் தொழிலில் வேலை இருக்கிறதா, யாருக்கு அது சட்டப்படி கிடைக்கும், என்ன சான்று கேட்கிறார்கள், கடைசியில் கையில் எவ்வளவு தங்கும் என்ற கேள்விகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பார்த்தால் ஒன்று விளங்கும்: அந்தக் கூலியைக் காக்கும் விதிகள்தாம் வாசலையும் ஒடுக்குகின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விலக்க முடியாது.

வேலை எங்கிருந்து வருகிறது

சாரத்துக்கான தேவை மூன்று பக்கங்களிலிருந்து வருகிறது. முதலாவது, கட்டடப் பராமரிப்பு. குளிரும் ஈரமும் மாறிமாறித் தாக்கும் ஊர்களில் கூரை, முகப்பு, ஜன்னல் எல்லாவற்றையும் குறித்த காலத்தில் புதுப்பித்தாக வேண்டும். மழைக்குப் பேர்போன பெர்கன் போன்ற நகரங்களில் வேலை நிற்காதிருக்க, சாரத்துக்கு மேலே தற்காலிகக் கூரை போட்டு, பக்கங்களில் தார்ப்பாய் இழுத்து, கட்டடம் முழுவதையும் மூடிவிடுவார்கள். அந்தக் கூரையை ஏற்றுவதும் இறக்குவதும் சாரக்காரர் பொறுப்புதான்.

இரண்டாவது, எண்ணெய், எரிவாயு ஆலைகள். நார்வேயின் மேற்குக் கரையில் மொங்ஸ்டாட் சுத்திகரிப்பு ஆலை, கார்ஸ்டோ எரிவாயு நிலையம், வடகோடியில் ஹம்மர்ஃபெஸ்டை ஒட்டிய மெல்கோயா தீவின் எல்.என்.ஜி. ஆலை ஆகியவை குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நிறுத்தப்பட்டுப் பழுது பார்க்கப்படும். வளைகுடாவில் ஷட் டவுன் வேலை என்பார்களே, அதேதான். குழாய்களின் காப்புறையைப் பிரிக்கவும் பெயிண்ட் அடிக்கவும் முதலில் சாரம் வேண்டும் என்பதால் இந்த மூன்று தொழில்களையும் ஒரே ஒப்பந்தமாக ஒரே கம்பெனிக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். கடலுக்குள் இருக்கும் மேடைகளில் இரண்டு வாரம் வேலை, நான்கு வாரம் ஓய்வு என்ற சுழற்சி உண்டு. கேட்பதற்கு இனிக்கும். ஆனால் கடல் பாதுகாப்புப் பயிற்சி, மருத்துவச் சான்று, பேசிப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஸ்காண்டிநேவிய மொழி ஒன்று இவையெல்லாம் முதலில் வேண்டும். புதிதாகப் போகிறவர் அங்கிருந்து தொடங்க முடியாது.

மூன்றாவது, பெருந்திட்டங்கள். டென்மார்க்கின் ரோட்பியையும் ஜெர்மனியின் புட்கார்டனையும் இணைக்கும் 18 கிலோமீட்டர் ஃபெமார்ன் கடலடிச் சுரங்கம், இரும்புச் சுரங்கத்துக்காக ஊரையே நகர்த்தும் சுவீடனின் கிருணா, பூடன் நகரில் எழும் புதிய உருக்காலை ஆகியவை பல நாட்டுத் தொழிலாளர்களை ஈர்த்தவை. இந்த வகை வேலை வந்த வேகத்தில் போகவும் கூடும். வட சுவீடனின் ஷெல்லெஃப்டியோவில் பேட்டரி ஆலை கட்டிய நார்த்வோல்ட் 2025 மார்ச்சில் திவாலானது. அதற்கு முன்பே, வட்டி ஏறியதால் 2023 தொடங்கி சுவீடனிலும் நார்வேயிலும் புதிய வீடு கட்டுவது சரிந்து, கட்டுமானக் கம்பெனிகள் பல மூடப்பட்டிருந்தன. "ஸ்காண்டிநேவியாவில் ஆள் பற்றாக்குறை" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நம்பக் கூடாது. எந்த நாடு, எந்தத் துறை, எந்த ஆண்டு என்று கேட்டால்தான் அதற்குப் பொருள் உண்டு.

யாருக்குக் கதவு திறக்கும்

மூன்று நாடுகளும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் இருப்பவை. போலந்து, லித்துவேனியா, ருமேனியா குடிமகன் ஒருவர் பஸ் ஏறிப் போய், வேலை தேடி, சேர்ந்துவிடலாம். விசா வேண்டியதில்லை. நார்வேக்குக் குடியேறிவந்தவர்களில் போலந்துக்காரர்களே மிகப் பெரிய கூட்டம். கட்டுமானத் தளங்களில் அவர்கள் மொழி பரவலாகக் காதில் விழும். சாரத் தொழிலில் நல்ல பெயர் பெற்ற பிரிட்டிஷ்காரர்களுக்கே 2021 முதல் இந்தச் சலுகை இல்லை. பிரெக்ஸிட்டுக்குப் பின் அவர்களும் வேலை அனுமதி வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இந்தப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர் விஷயத்தில் மூன்று நாடுகளின் போக்கும் வேறு வேறு. நார்வே தகுதியைப் பார்க்கிறது. உயர்நிலைப் பள்ளி நிலையில் குறைந்தது மூன்றாண்டுத் தொழிற்கல்வி, அதற்கு ஈடாக நார்வேயிலும் ஒரு படிப்பு இருப்பது, அந்தத் தகுதி தேவைப்படும் வேலைக்கு உறுதியான அழைப்பு, அங்குள்ளவருக்குக் குறையாத கூலி என்று அடுக்குகிறது. சாரம் கட்டுவது நார்வேயில் பள்ளிப் படிப்பும் பயிற்சிக் காலமும் தேர்வும் கொண்ட முழுத் தொழில். நம் ஊரில் அப்படி மூன்றாண்டுப் படிப்பு கிடையாது. ஐ.டி.ஐ. படிப்புகளும் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுக்குள் முடிபவை. நீண்ட அனுபவத்தைத் தகுதியாக ஏற்கும் தனிவழி ஒன்று உண்டென்றாலும் அதில் தேறுவோர் அரிது.

சுவீடன் சம்பளத்தைப் பார்க்கிறது. 2008 டிசம்பரில் வந்த சட்டம் எந்தத் தொழிலுக்கு வெளியாள் தேவை என்று தீர்மானிக்கும் உரிமையை முதலாளியிடமே விட்டது. அதைப் பயன்படுத்திக் குறைந்த கூலிக்கு ஆள் பிடித்தார்கள் என்ற குற்றச்சாட்டு வலுத்தபின் 2023 நவம்பரில் பிடி இறுகியது. நாட்டின் இடைநிலைச் சம்பளத்தில் 80 விழுக்காடாவது மாத ஊதியம் இருக்க வேண்டும் என்றானது. 2025 ஜூன் நிலவரப்படி அது 29,680 குரோனர். அந்தத் தொழிலின் கூட்டு ஒப்பந்தக் கூலிக்கும் குறையக் கூடாது. முழுநேரச் சாரத் தொழிலாளிக்கு இந்த வரம்பு எட்டாக்கனி இல்லை. காகிதத்தில் பார்த்தால் மூன்றில் சுவீடனின் கதவே அகலமானது. ஆனால் ஐரோப்பாவுக்குள்ளேயே உடனே வந்து நிற்க ஆள் இருக்கும்போது, மாதக்கணக்கில் அனுமதிக்குக் காத்திருந்து ஒருவரை அழைக்கும் முதலாளி சுலபத்தில் அகப்படமாட்டார்.

டென்மார்க் வருமானத்தையும் பட்டியலையும் பார்க்கிறது. 2025-இல் ஆண்டுக்கு 5,14,000 டேனிஷ் குரோனர் சம்பளம் என்றால் தொழில் எதுவானாலும் அனுமதி கேட்க முடிந்தது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆள் தட்டுப்பாடுள்ள கைத்தொழில்களின் பட்டியல் ஒன்று உண்டு. ஆண்டுக்கு இருமுறை மாறும் அந்தப் பட்டியலில் தன் தொழில் இருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கைப்பழக்கத்துக்கு மேல் காகிதம்

அனுமதி கிடைத்தாலும் மறுநாளே மேலே ஏறிவிட முடியாது. நார்வேயில் சாரத்தின் மேல்தளம் 2 மீட்டரைத் தாண்டினாலே கட்டுபவருக்குப் பயிற்சிச் சான்று வேண்டும். 5 மீட்டர் வரை, 9 மீட்டர் வரை, அதற்கு மேல் என்று உயரத்துக்கேற்பப் பயிற்சி நீளும். 9 மீட்டருக்கு மேல் கட்ட வகுப்பும் செய்முறையும் மட்டும் போதாது, சாரத் தளத்தில் மாதக்கணக்கான அனுபவத்தையும் காட்ட வேண்டும். டென்மார்க்கில் 3 மீட்டருக்கு மேற்பட்ட சாரத்தைப் பயிற்சி பெற்றவர்களே கட்டலாம். சுவீடனிலும் 2 மீட்டருக்கு மேல் இதே கதை. விதியை மீறும் கம்பெனிக்கு அபராதம் விழும்.

வளைகுடாவில் பலர் வாங்கும் பிரிட்டிஷ் முறை ஸ்கேஃபோல்டர் அட்டை இங்கே அனுபவத்துக்குச் சாட்சியாக உதவும். உள்ளூர்ச் சான்றுக்கு மாற்றாகாது. வேலை முறையும் வேறு. பிரிட்டிஷ் வழக்கத்தில் தேறியவர்கள் பைப்பும் கிளாம்பும் வைத்து எந்த வடிவத்துக்கும் சாரம் கட்டுவார்கள். ஸ்காண்டிநேவியாவில் பெரும்பாலும் சிஸ்டம் சாரம். சுவீடனின் ஹாகி, ஜெர்மனியின் லேயர் இரண்டும் பரவலாகக் கண்ணில் படுபவை.

லேயரின் ஒரு மூட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் வேலையின் தன்மை புரியும். நிற்கும் குழாயில் அரை மீட்டருக்கு ஒன்றாக வட்டத் தகடு பற்றவைக்கப்பட்டிருக்கும். தகட்டில் எட்டு ஓட்டைகள். நான்கு சிறியவை, செங்கோணத்தில் படுக்கைக் குழாய் சேர. நான்கு பெரியவை, வேறு கோணங்களில் திருப்பிச் சேர்க்க. குழாயின் தலையை ஓட்டையில் செருகி ஆப்பை இறக்கி, அரைக் கிலோ சுத்தியலால் அடிக்க வேண்டும். சுத்தியல் துள்ளித் திரும்பினால் ஆப்பு இறுகியது என்று பொருள். முடிச்சும் திருகும் இல்லாததால் வேலை ஓடும். அதே காரணத்தால் ஓர் ஆப்பை அடிக்காமல் விட்டுவிடுவதும் எளிது. அதனால்தான் கட்டி முடித்தபின் சரிபார்த்து, சாரத்தில் அட்டை மாட்டிய பிறகே மற்றவர்கள் ஏற அனுமதி. யார் கட்டியது, எந்தச் சுமை வகுப்பு, எந்தத் தேதியில் சோதித்தது எல்லாம் அதில் இருக்கும். மூன்றாம் வகுப்பு என்றால் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. கல் கட்டும் மேஸ்திரிக்கு அது பற்றாது.

இத்தனை கண்டிப்பு இருந்தும் உயிர்கள் போகின்றன. 2023 டிசம்பர் 11 அன்று ஸ்டாக்ஹோமை ஒட்டிய சுந்துபிபேரியில் கட்டடத் தளத்து மின்தூக்கி விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். தூண் பாகங்களைப் பிணைக்கும் போல்ட்டுகள் இல்லாமலே இருந்ததாக விசாரணையில் தெரிந்தது. சான்று கேட்பதை வெளியாளை விலக்கும் தந்திரம் என்று மட்டும் நினைப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

குளிரையும் சொல்லியாக வேண்டும். அலுமினியப் பலகையில் காலையில் பனிப்படலம் உறைந்திருக்கும். அதைச் சுரண்டிய பிறகே ஏற முடியும். ஹம்மர்ஃபெஸ்டில் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. பெரும்பாலும் விளக்கு வெளிச்சத்தில்தான் வேலை.

கூலியின் கணக்கு

மூன்று நாடுகளிலும் எல்லாருக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் பேசி எழுதும் கூட்டு ஒப்பந்தமே கூலியைத் தீர்மானிக்கிறது. நார்வே மட்டும் ஒரு படி மேலே போய், 2007 முதல் கட்டுமானத் துறை ஒப்பந்தத்தின் அடிக்கூலியை நாடு முழுவதும், சங்கத்தில் இல்லாதவர்களுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும் கட்டாயமாக்கியது. மேலே சொன்ன 250 குரோனர் அந்த வழியில் வருவது. தொழிற்சான்று இல்லாதவருக்கு அதைவிடச் சற்றுக் குறையும்.

சுவீடனும் டென்மார்க்கும் சங்கத்தின் பலத்தை நம்புகின்றன. 2004-இல் லாவல் என்ற லாட்வியக் கம்பெனி ஸ்டாக்ஹோமுக்கு அருகே வாக்ஸ்ஹோல்மில் பள்ளிக்கூடம் கட்ட வந்தது. சுவீடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததும் கட்டுமானத் தொழிலாளர் சங்கம் தளத்தை முற்றுகையிட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2007 டிசம்பரில் தீர்ப்பு சங்கத்துக்கு எதிராக வந்தாலும், வெளியிலிருந்து மலிவான கூலி நுழைவதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கே தளரவில்லை.

இனிக் கையில் தங்குவது. நார்வே ஒப்பந்தப்படி வாரம் 37.5 மணி நேரம், மணிக்கு 250 குரோனர் என்றால் மாதம் 40,000 சொச்சம். புதிதாக வரும் வெளிநாட்டுத் தொழிலாளி முதல் ஆண்டில் தேர்ந்துகொள்ளக்கூடிய நேர்வரி 25 விழுக்காடு. கழித்தால் 30,000 குரோனரை ஒட்டி நிற்கும். ஒஸ்லோவில் பகிர்ந்து தங்கும் ஓர் அறையே பல ஆயிரங்களை விழுங்கும். சாப்பாடு, பயணம், குளிர் உடுப்பு எல்லாம் நம் கணக்கில் மலைக்க வைக்கும் விலை. அதற்குப் பிறகும் மிச்சம் நல்ல மிச்சம்தான். ஓவர்டைமுக்குச் சட்டப்படி 40 விழுக்காடாவது கூடுதல் உண்டு. விடுமுறைக்கும் தனிப் பணம் சேரும். டென்மார்க்கின் சாரக் குழுக்கள் கட்டிய அளவுக்குக் கூலி என்ற முறையில் கூட்டாகப் பேசி வாங்குவதில் கெட்டிக்காரர்கள். அங்கே சம்பாத்தியம் குழுவின் வேகத்தைப் பொறுத்தது. மொழியும் முறையும் தெரியாத புதியவரை அத்தகைய குழு சுலபத்தில் சேர்த்துக்கொள்ளாது.

பக்கவாட்டு வழிகள்

நேர்வாசல் இவ்வளவு ஒடுங்கியிருந்தும் இந்தியர்களும் நேபாளிகளும் உஸ்பெக்குகளும் அங்கே சில கட்டுமானத் தளங்களில் வேலை செய்வது எப்படி? போலந்திலோ லித்துவேனியாவிலோ உள்ள கம்பெனி ஒன்று ஆளை எடுத்து, தன் ஒப்பந்த வேலைக்காக வடக்கே அனுப்பும் வழி ஒன்று உண்டு. 1994-இல் வாண்டர் எல்ஸ்ட் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதற்கு அடித்தளமிட்டது. பெல்ஜியக் கம்பெனி ஒன்று தன்னிடம் முறையாக வேலை பார்த்த மொராக்கோ தொழிலாளர்களைப் பிரான்ஸின் ரைம்ஸ் நகரத்துக்கு அனுப்பியது. அவர்களுக்குப் பிரான்ஸ் தனி வேலை அனுமதி கேட்கக் கூடாது என்றது தீர்ப்பு.

வழி சட்டபூர்வமானது. ஆபத்து அதன் நடைமுறையில். அனுப்பப்படுபவர் தன் கம்பெனியில் உண்மையிலேயே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டும், தற்காலிகமாகவே தங்கலாம், சேருமிடத்தின் அடிக்கூலி அவருக்கும் பொருந்தும். பெயருக்கு ஒரு கம்பெனியை வைத்து ஆளை மட்டும் கடத்திவிடும் சப்ளைக்காரர்கள் இந்த மூன்றையுமே மீறுவார்கள். சம்பளச் சீட்டில் சரியான கூலி இருக்கும். தங்குமிடம், பயணம், "நிர்வாகச் செலவு" என்று பின்னால் பிடித்துவிடுவார்கள். அனுமதி அந்தக் கம்பெனியோடு கட்டுண்டிருப்பதால் எதிர்த்துப் பேசினால் ஊருக்குத்தான் டிக்கெட்.

இதை அந்த அரசுகள் அறியாமலில்லை. 2022 ஜனவரி முதல் நார்வேயில் கூலித் திருட்டு குற்றவியல் குற்றம். கூலியை வங்கி வழியாகத்தான் கொடுக்க வேண்டும். 2023 ஏப்ரலில் ஒஸ்லோவிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் கட்டுமானத் தளங்களுக்கு ஆள் சப்ளை கம்பெனிகளிடமிருந்து ஆள் எடுப்பதே தடை செய்யப்பட்டது. புதியவர்கள் பலரும் முதலில் கால் ஊன்றிய இடம் அந்தச் சப்ளை கம்பெனிகள்தாம் என்பதையும் சொல்ல வேண்டும். நார்வேத் தளங்களில் ஒவ்வொருவரும் மாட்டியிருக்க வேண்டிய அடையாள அட்டையில் படத்தோடு முதலாளியின் பெயரும் இருக்கும். தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்தால் அட்டையில் உள்ள பெயரும், வேலை வாங்குகிறவர் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். சுவீடனிலும் கட்டுமானத் தளங்களில் இதே போன்ற அட்டை புழங்குகிறது.

நம்மவர்களுக்கு உள்ள இடம்

ஸ்காண்டிநேவியாவோடு தமிழர் உறவு புதிதில்லை. 1956-இல் நார்வே சென்ற ஆன்டனி ராஜேந்திரம் பின்னர் யாழ்ப்பாணத்தில் சே-நோர் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கியவர். பிறகு 'மக்கள் உயர்கல்விக் கூடம்' எனப்படும் விடுதிப் பள்ளிகளுக்கு மாணவராகவும், போரில் அகதியாகவும் ஈழத் தமிழர் போனார்கள். 1980-களில் வடகோடி ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலை செய்து நிலைத்தார்கள். அந்த வரலாற்றில் இன்றைக்கும் பொருந்தும் ஓர் ஒழுங்கு உண்டு: வசிக்கும் உரிமை முதலில், வேலை பிறகு.

அந்த ஒழுங்கின்படி பார்த்தால், சாரத் தொழிலுக்கு மிகவும் அருகில் நிற்பவர்கள் ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் தமிழர் வீட்டுப் பிள்ளைகள், குடும்ப இணைப்பில் போனவர்கள், ஐரோப்பியக் குடியுரிமை உள்ளவர்கள். மொழியும் பயிற்சிச் சான்றும் மட்டுமே அவர்களுக்குத் தேவை. அடுத்து வருபவர்கள், வளைகுடாவில் சிஸ்டம் சாரத்தில் பல ஆண்டு உழைத்து ஃபோர்மேன் வரை உயர்ந்தவர்கள். சுவீடனில் உண்மையான முதலாளி நேரடியாக அழைத்தால் அவர்கள் முயலலாம். அனுபவமோ சான்றோ இல்லாமல் கடன் வாங்கிப் புறப்படுகிறவருக்கு இந்த மூன்று நாடுகளிலும் நேர்வழி இல்லை. இருப்பதாகச் சொல்பவர் எதையோ மறைக்கிறார்.

அழைப்பு வந்தால் சோதிப்பது கடினமில்லை. நார்வேயில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்பது இலக்கப் பதிவெண் உண்டு. சுவீடனில் பத்து, டென்மார்க்கில் எட்டு. அரசுப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். வேலை தேடுகிறவரிடம் வேலை வாங்கித் தரக் காசு கேட்பதை நார்வேச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கத் தக்க கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்கும்போதே பதில் கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும், இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தையும் விசாரித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

செய்ய வேண்டியது நம் பக்கம்

ஸ்காண்டிநேவியா தன் கூலியையும் பாதுகாப்பையும் தளர்த்திக்கொண்டு நமக்குக் கதவு திறக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. திறந்தால் அந்தக் கூலியே இருக்காது. மாற வேண்டியது இங்கே. சவுக்குக் கம்பும் கயிறும் வைத்து மாடி மாடியாகச் சாரம் கட்டும் ஆட்கள் நம்மிடம் ஏராளம். அந்தத் திறமைக்கு வெளிநாட்டு அதிகாரி ஏற்கும் ஒரு தாள் இல்லை. 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இந்தியா–எஃப்டா (ஐரோப்பியத் தடையற்ற வணிகச் சங்கம்) வணிக ஒப்பந்தத்தில் நார்வேயும் உண்டு. தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்கும் பேச்சில் செவிலியர், கணக்காயர், கட்டடக் கலைஞர் பெயர்கள் அதில் அடிபடுகின்றன. சாரத் தொழிலாளி பெயர் அந்தப் பேச்சில் வர வேண்டுமானால், மூன்றாண்டுப் படிப்பும் தேர்வும் கொண்ட தொழிலாக அதை முதலில் நாம் இங்கே நடத்த வேண்டும். அதுவரை ஏஜெண்டுக்குக் கட்டும் பணத்தை விட, சிஸ்டம் சாரப் பயிற்சிக்கும் ஒரு மொழிக்கும் செலவிடும் பணமே தொழிலாளிக்குப் பயன் தரும்.